அருணாசலம் இசக்கிமுத்து என்று ஒருவர்

சாப்பிடுங்கள். இந்த ஒரு மணி நேரத்துக்கு மார்க் கிடையாது. காலையில் இரண்டு பேர் உங்களைக் கேள்வி கேட்டார்கள், மதியம் இன்னும் இரண்டு பேர் கேட்பார்கள். நடுவில் உங்களைச் சாப்பிட அழைத்து வருவது மட்டும்தான் என் வேலை. லஞ்ச் ஹோஸ்ட் என்று இதற்குப் பெயர். நீங்கள் என்ன பேசினாலும் நான் எங்கேயும் எழுதி அனுப்ப முடியாது. என் திரையில் அதற்குக் கட்டமே இல்லை. அதனால் அந்த அப்பளத்தைத் தைரியமாகக் கடிக்கலாம், சத்தம் வந்தால் வரட்டும்.

இரண்டாவது ரவுண்டு கையை விட்டுப் போய்விட்டது என்கிறீர்கள். இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். இதே மேஜை இல்லை, அதோ அந்தத் தூணுக்குப் பக்கத்தில். அதனால்தான் உங்களிடம் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ஒரு தைரியம் வரட்டும் என்றுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் நேரில் பார்த்தது இல்லை. அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. ஜெபசிங் அண்ணன் சொல்லிக் கேட்டது. ஜெபசிங் அண்ணன் எங்கள் டீம், நாகர்கோவில்காரர். அவரும் அந்த மனிதரும் காரப்பாக்கத்தில் ஒரே அறையில் நான்கு வருடம் இருந்தவர்கள். அதனால் முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். எனக்குச் சந்தேகம் உள்ள இடத்தில் சந்தேகம் என்றே சொல்கிறேன்.

அவர் பெயர் இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கம். அப்பா பெயர் அருணாசலம். நம் ஊரில் எப்படி எழுதுவோம்? அ. இசக்கிமுத்து. அதோடு முடிந்தது. இங்கே அது போதாது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். கடைசிப் பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கமே போகாது. நீங்களும் நிரப்பியிருப்பீர்களே. என் கார்டைப் பாருங்கள், பூங்கோதை செல்லையா. செல்லையா என் அப்பா. சேர்ந்த முதல் வாரம் டல்லஸ் ஆபீஸில் இருந்து ஒருவர் 'ஹாய் செல்லையா' என்று மெசேஜ் அனுப்பினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அப்பாவை எங்கள் வீட்டில் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

அவரும் அப்படித்தான், இசக்கிமுத்து அருணாசலம் என்று விண்ணப்பம் போட்டார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அது எனக்கும் உண்டு, ஒருவேளை உங்களுக்கும் இருக்கும். இன்டர்வியூவுக்குப் போட்டு வர நல்ல சட்டை இல்லை. அவருடைய அக்கா வீட்டுக்காரர் கல்யாண வரவேற்புக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை வாங்கிப் போட்டு வந்தார். கழுத்து ஒரு இஞ்ச் பெரிது.

மூன்றாவது ரவுண்டில் ஒருவர் பலகைக்கு முன்னால் நிற்க வைத்து ஒரு கணக்கைக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு இசக்கிமுத்துவுக்கு ஞாபகம் இருந்தது மூன்றே மூன்று. மார்க்கர் மூடி திறக்கவில்லை. உள்ளங்கை வியர்த்தது. பிறகு லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நடுவில் இருந்த முக்கால் மணி நேரம் அப்படியே காணோம். என்ன எழுதினார், எழுதினாரா இல்லையா, எதுவுமே தெரியவில்லை. ஊருக்குப் போய் அக்காவிடம், "போச்சுக்கா, ஒண்ணும் ஓடல" என்று மட்டும் சொன்னாராம்.

பத்தாவது நாள் வேலை கிடைத்துவிட்டது.

மோர் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மோர் நன்றாக இருக்கும்.

நான்கு வருடம் வேலை பார்த்தார். நன்றாகவே பார்த்தார் என்கிறார் ஜெபசிங் அண்ணன். அமைதியான ஆள். அதிகம் பேசமாட்டார். ஐந்தாவது மாடியில் கேரம் போர்டு இருக்கிறதே, அதில் மட்டும் யாரும் அவரை ஜெயிக்க முடியாது. பீச்சாங்கையால் சுண்டினால் சிவப்புக் காய் நேராகக் குழிக்குப் போகுமாம். அது இருக்கட்டும். ஐந்தாவது வருடத் தொடக்கத்தில் அவரையும் இன்டர்வியூ எடுக்கச் சொன்னார்கள். அதற்கு இரண்டு நாள் பயிற்சி. பயிற்சி முடிந்ததும் பழைய மதிப்பீடுகளைப் படித்துப் பார்க்க ஒரு தளத்தைத் திறந்துவிடுவார்கள், எப்படி எழுதுவது என்று தெரிந்துகொள்ள.

நீங்களாக இருந்தால் முதலில் யார் பெயரைத் தேடுவீர்கள்? அவரும் அதைத்தான் செய்தார். தன் பெயரை அடித்தார். அனுமதி இல்லை என்று வந்தது. சொந்தக் கோப்பை யாரும் பார்க்க முடியாது, அது விதி. சரி என்று விட்டிருக்கலாம். கல்லூரியில் இனிஷியலை விரித்து முன்னால் போட்டுத்தான் எழுதுவார்கள், அந்தப் பழக்கத்தில் பெயரைத் திருப்பி அடித்தார். அருணாசலம் இசக்கிமுத்து.

திறந்துகொண்டது.

அதே தேதி. அதே கட்டடம். அதே மூன்றாவது ரவுண்டு, அதே கணக்கு. இன்டர்வியூ எடுத்தவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். இசக்கிமுத்து அதை மனப்பாடமாக ஒப்பிப்பாராம், ஜெபசிங் அண்ணனுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. 'நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். பிறகு எழுத ஆரம்பித்தார். நான் எதிர்பார்த்த வழி அல்ல, அதைவிடச் சுருக்கமான வழி. இடது கைக்காரர். எழுத எழுதத் தன் சட்டைக் கையாலேயே எழுதியதை அழித்துக்கொண்டு போனார், அழிந்ததையும் மனதில் வைத்திருந்தார். பத்து வருடத்தில் நான் பார்த்த மிக நல்ல பதில் இது. கட்டாயம் எடுக்க வேண்டும்.'

அதற்குக் கீழே, முடிவு என்ற இடத்தில், சிவப்பில் ஒரு சொல். நிராகரிக்கப்பட்டது.

புரிகிறதா? அவர் புரிந்துகொண்டது இதுதான். அன்று ஒரே பெயரை முன்னும் பின்னுமாகப் போட்ட இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவன் பிரமாதமாக எழுதியிருக்கிறான். இன்னொருவன் மார்க்கர் மூடியைத் திறக்கத் தெரியாமல் நின்றிருக்கிறான். முடிவு போடும்போது பெயர் மாறிப்போனது. எழுதினவன் வீட்டுக்குப் போனான். நின்றவன் நான்கு வருடமாக அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

ஜெபசிங் அண்ணன் சிரித்திருக்கிறார். "ஒரே நாள்ல, ஒரே பேர திருப்பிப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரு வருவானா மக்கா?"

"எங்க ஊர்ப் பக்கம் வந்து பாரு. எங்க தெருவுல மட்டும் மூணு இசக்கிமுத்து. தாத்தா பேர பேரனுக்கு வைக்கோம். அருணாசலம் மவன் இசக்கிமுத்து, இசக்கிமுத்து மவன் அருணாசலம். மாறி மாறித்தான் வரும்."

"சரி, அந்த எழுதுனவன் நீயா இருந்தா?"

இசக்கிமுத்து வலது கையைத் தூக்கிக் காட்டினாராம். "இந்தக் கையிலதானல எழுதுதேன். நாலு வருசமா பாக்க."

அது உண்மைதான். கையெழுத்து, பேனா, சோறு, எல்லாம் வலது கைதான்.

இசக்கிமுத்து மேனேஜர் மேடத்திடம் போய்ச் சொன்னார். அந்த மேடம் நல்லவர், முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்கள மாதிரி நல்லா வேலை பார்க்குறவங்களுக்குத்தான் இசக்கி இப்படித் தோணும். இதுக்குன்னே ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு" என்று பெயர் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை, ஒன்றரை மணி நேரம், பிஸ்கட்டோடு. 'நான் இதற்குத் தகுதியானவன்' என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டச் சொன்னார்களாம். எல்லோரும் எழுதினார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'அருணாசலம் இதற்குத் தகுதியானவன்' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்துவிட்டார். பயிற்சி கொடுத்தவர் அவர் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டு கை தட்டினாராம்.

சிரிக்கலாம், பரவாயில்லை. நானும் சிரித்தேன், இதுவரை.

அப்புறம்தான் கஷ்டம். டல்லஸ்காரர்கள் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள்? அருணாசலம் என்றுதான். நான்கு வருடமாக அது அப்பா பெயராக இருந்தது. இப்போது அந்த இன்னொருவன் பெயராக ஆகிவிட்டது. மீட்டிங்கில் யாராவது 'அருணாசலம், உன் கருத்து?' என்று கேட்டால் உடனே பேசமாட்டார். பின்னால் திரும்பிப் பார்ப்பார். வேறு யாரோ பதில் சொல்லட்டும் என்கிற மாதிரி இரண்டு விநாடி விட்டுவிட்டுத்தான் பேசுவார். மேஜையில் வலது பக்கம் மட்டும் தன் சாமான்களை வைத்துக்கொண்டு இடது பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டார். துடைத்து வைப்பாராம், தினமும். யாராவது அங்கே டிபன் பாக்ஸ் வைத்தால், "அங்க வேண்டாம்" என்பார். ஏன் என்று சொல்லமாட்டார்.

இன்டர்வியூ எடுக்கப் போனாலும் அப்படித்தான். மார்க்கரை வருகிறவர் கையில் கொடுக்கமாட்டார். மேஜையின் நடுவில் வைப்பார். எந்தக் கை நீளுகிறது என்று பார்ப்பார். இந்தச் சாப்பாட்டு நேரத்தில் அது தெரியாது, பாருங்கள். இடது கைக்காரர்களும் நம் ஊரில் சோற்றை வலது கையால்தான் சாப்பிடுவார்கள். நீங்களும் அப்படியா? இல்லை, சும்மாதான் கேட்டேன். மார்க் இல்லை.

அந்த ஆளைத் தேடினார். வேலை தேடும் தளங்கள், கல்லூரிப் பட்டியல்கள், எல்லாம். மூன்று அருணாசலத்துக்குக் கடிதம் எழுதினார். இரண்டு பேர் பதில் போடவில்லை. ஒருவர் தென்காசியில் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். 'தம்பி, எனக்கு அறுபத்தொன்று. வேலை தருவதாக இருந்தால் வரத் தயார்' என்று எழுதியிருந்தார்.

ஒரு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டார். விட்டுப் போகிறவர்கள் காரணத்தைப் பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்படிப்பு, வேறு வேலை, சொந்தக் காரணம். அவர் காரணம் அதில் இல்லை. சொந்தக் காரணம் என்று போட்டுவிட்டு, எச்.ஆரிடம் வாயால் சொல்லியிருக்கிறார். "இது அருணாசலம் இசக்கிமுத்துங்கிறவரோட இடம். அவரக் கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க." அவர்களும் 'கண்டிப்பாக, சார்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த இடத்துக்கு என்னை எடுத்தார்கள்.

முதலில் சொல்லவில்லையா? சொன்னேன் என்று நினைத்தேன். ஆமாம், அவர் போன இடம்தான். அவசரமாக ஆள் தேவை என்று எனக்குப் போன் வந்தபோது யார் போனார்கள், ஏன் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அப்பா அன்று தெருவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். என் மேஜை அவர் மேஜை. இடது பக்கம் ஒரு தூசி இல்லாமல் இருந்தது, வலது பக்கம் மட்டும் டீ வட்டம். நானும் அந்தப் பக்கத்தில் ஒன்றும் வைப்பதில்லை. பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. அவர் பார்த்துவந்த ஒரு புரோகிராமுக்கு டல்லஸில் இருந்து இன்னும் 'ஹாய் அருணாசலம்' என்று மெயில் வருகிறது. நான்தான் பதில் போடுகிறேன். பெயரைத் திருத்துவதில்லை.

இப்போது நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், போன மாதம் ஒன்று தெரிய வந்தது. ரிக்ரூட்மென்ட்டில் ஷகிலா அக்கா இருக்கிறார், காலையில் உங்களுக்குக் கார்டு கொடுத்தாரே, அவர்தான். என் சான்றிதழ் விஷயமாகப் போயிருந்தேன். அப்போது சிரித்துக்கொண்டே சொன்னார், "உன்னை ஒரு தடவை நான் ரிஜெக்ட் பண்ணியிருக்கேன், தெரியுமா?"

"என்னையா அக்கா?"

"செல்லையா பூங்கோதைன்னு ஒருத்திய. உங்க காலேஜ் அனுப்புன லிஸ்ட்ல அப்படி இருந்துச்சு. நீயே போட்ட ஃபார்ம்ல பூங்கோதை செல்லையா. சிஸ்டத்துக்கு ரெண்டு ஆளு. தமிழ்நாட்டுப் பேருன்னாலே இந்தத் தலவலிதான்."

"அதுல யாராவது மதிப்பீடு எழுதிட்டா?"

"எழுதுவாங்க. அத காப்பி பண்ணி சரியான ஃபைல்ல போட்டுட்டு இத மூடிருவோம். மூடும்போது காரணம் கேக்கும். டூப்ளிகேட்னு ஒரு காரணம் லிஸ்ட்லயே கிடையாது. ரிஜெக்டட்னு போட்டாத்தான் மூடும்."

நான் இசக்கிமுத்து பெயரைச் சொல்லவில்லை. ஷகிலா அக்காவால் இன்னொருவர் கோப்பைப் பற்றிப் பேச முடியாது, கேட்டால் அவருக்குச் சங்கடம். அதனால் இது என் ஊகம் மட்டும்தான். ஊகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் போய், 'அந்த இன்னொருவன் நீங்கள்தான், அப்படி ஒருவன் வரவே இல்லை' என்று சொல்ல முடியுமா? தப்பாக இருந்தால்? இடது கை என்று தெளிவாக எழுதியிருக்கிறதே.

இன்னொன்றும் இருக்கிறது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன். விட்டுப் போனவர்களை ஒரு வருடத்துக்குள் இன்டர்வியூ இல்லாமலே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதே டீமில். அப்படி ஒரு விதி. வருகிற முப்பதாம் தேதியோடு அவருக்கு ஒரு வருடம் முடிகிறது. இன்றைக்குப் பதினெட்டு. நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, தெரியும், அவ்வளவுதான். எங்கள் டீமில் கூடுதல் இடம் இல்லை. என் ப்ரொபேஷன் அடுத்த மாதம் முடிகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அவர் இப்போது நிம்மதியாகக்கூட இருக்கலாம். சங்கரன்கோவிலில் சட்டை கொடுத்த அந்த அத்தானுடைய மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை செய்கிறாராம். மெயில் இல்லை, மீட்டிங் இல்லை. ஜெபசிங் அண்ணன் கூப்பிட்டாலே எடுப்பதில்லையாம். அப்படிப்பட்டவரைக் கலைப்பது சரியா? நீங்களே சொல்லுங்கள். முதலில் சரிபார்க்க வேண்டும், பிறகுதான் சொல்ல வேண்டும். நான் எப்போதும் அப்படித்தான்.

ஐயோ, நீங்கள் சாப்பிடவே இல்லையே. நான் பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். ஒன்று முப்பத்தைந்து ஆகிவிட்டது. பரவாயில்லை, வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள், போகும்போது சாப்பிடலாம். தட்டை அந்த ஜன்னலில் வைக்க வேண்டும். லிஃப்ட் வரும்வரை மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டை. பலகையில் இடது கையால் எழுதினால் கை எழுத்தின் மேலேயே போகும், மார்க்கர் மை சட்டையில் ஒட்டும், துவைத்தால் போகாது. அது நேற்றுத்தான் தோன்றியது. ஜெபசிங் அண்ணனிடம் கடை நம்பர் வாங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து போன் செய்தேன்.

அத்தான்தான் எடுத்தார். முருகையா என்று பெயர். கம்பெனியில் இருந்து என்றதும், "அவனுக்கு ஏதும் பணம் கிணம் வரணுமா?" என்றார். இல்லை, பழைய விஷயம் ஒன்று சரிபார்க்க வேண்டும், அவர் முதல் இன்டர்வியூவுக்குப் போட்டு வந்த சட்டை உங்களுடையதா என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தது தெரியுமா, அப்படிக் கேட்பது.

அவர் ஆச்சரியமே படவில்லை. கோபம்தான் வந்தது. "என் சட்டதான். ரிசப்சன் சட்ட. ஒரு நாளுக்குக் குடுத்தேன், மையப் பூசிக் கொண்டாந்து குடுத்துட்டான். கேட்டா, எப்படி ஆச்சுன்னே தெரியலங்கான். இன்னைக்கு வரைக்கும் நான் அதப் போடல."

"எந்தக் கையில அண்ணாச்சி?"

"என்னது?"

"மை. எந்தக் கைப் பக்கம்?"

"இருங்க, மாடியில பீரோவுலதான் கிடக்கு. பாத்துட்டு வாரேன்" என்று போனை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். கடைச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு மோட்டார் ஓடி ஓடி நின்றது. பிறகு பக்கத்தில் ஒரு குரல், மெதுவாக, "போன்ல யாரு அத்தான்?" என்றது. அத்தான் அங்கே இல்லை என்று தெரியாமல் கேட்டிருக்க வேண்டும். இன்னொரு தடவை கேட்டது. பிறகு போனை யாரோ கையில் எடுத்தார்கள். "ஹலோ" என்றது அந்தக் குரல். "ஹலோ, யாரு?"

நான் யார் என்று சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவரும் வைக்கவில்லை.

லிஃப்ட் வந்துவிட்டது. ஏழாவது மாடி, இடது பக்கம் இரண்டாவது அறை. நன்றாகச் செய்வீர்கள்.

பிறகு அத்தான் இறங்கி வந்து போனை வாங்கிச் சொன்னார். "இடது கைதான்மா. முழங்கை வரைக்கும் நீலம்."